பழையதில் இருந்தது போலவே

ஸ்ரீராம்புரம்
3 ஜூன் 2025

அன்புள்ள நாகேஷுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானேதான். யாரையும் எழுதச் சொல்லவில்லை. நம்பாவிட்டால் கையெழுத்தைப் பார். வரி மேலே ஏறிக் கீழே இறங்குகிறதே, அது வேறு யாருக்கு வரும்?

போலீஸ் உன்னைக் கூட்டிப்போன பிறகு இந்த வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ இருந்தவரை, பேச்சும் கை காலும் போன அம்மா கம்ப்யூட்டரில் எழுத்து எழுத்தாக எடுத்து வைப்பாள். அது பேசும். நீ கேட்டு என் இடது காதில் கத்துவாய். நீ போன பிறகும் அது பேசியது. மில்லில் தறிச் சத்தம் தின்றுவிட்ட காதுக்கு என்ன கேட்கும்? திரையில் எழுத்தாகவும் வரும். எனக்கு எழுத்து தெரியாது. அவள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் நான் தலையாட்டும்போது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்று சாயங்காலமே தமிழ்ச் சங்கத்து முதியோர் வகுப்பில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

இப்போது படிக்கிறேன் நாகேஷ்! அவள் எழுதியதில் நான் முதலில் படித்தது என்ன தெரியுமா? 'யோவ் கஞ்சியில உப்பு இல்ல.' எத்தனை மாதமாக இல்லையோ! உப்புப் போட்டேன். அவள் குடித்தாள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை.

இந்த ஊரில் எனக்குப் படிக்க ஒன்றும் கிடைப்பதில்லை. பஸ் போர்டு கன்னடம். மாத்திரை அட்டை இங்கிலீஷ். அம்மன் கோயில் கூழ் ஊற்றும் நோட்டீசை மூன்று முறை படித்துவிட்டேன். எனக்கென்று இருந்தது உன் அம்மா எழுதுவது ஒன்றுதான். அதுதான் இப்போது போய்விட்டது.

போன வாரம் அவள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். 'நாகேஷ் எங்க இருக்கான்னு எனக்கு' என்று வந்தது. அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தேன். பெட்டியிலிருந்து ரப்பர் கருகும் வாடை. திரை கறுத்துப்போயிற்று.

நீ ஹைதராபாத்தில் வேலையாக இருக்கிறாய் என்று, நீ சொன்னபடியே தினமும் அவளிடம் சொல்கிறேன். எனக்குத் தெரியல என்று எழுத வந்தாளா, எனக்குச் சொல்லு என்று எழுத வந்தாளா?

ஆஸ்டின் டவுனில் ரிப்பேர் கடை வைத்திருக்கிற உன் சிநேகிதன் கில்பர்ட்டைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்து பார்த்து என் காதில் கத்தினான்: "போர்டு போச்சு அங்கிள். உள்ள இருக்கிற டிஸ்க்ல கொஞ்சம் உயிர் இருக்கு. பழைய லேப்டாப் ஒண்ணு நான் தரேன். ஆனா நாகேஷ் போட்ட செட்டப்பை அப்படியே அதுல ஏத்தணும். எதை எதோட கட்டி வெச்சிருக்கானோ, அவனுக்குத்தான் வெளிச்சம்."

எப்படி ஏற்றுவது என்று எழுது. பெரிய எழுத்தில் எழுது.

அப்பா
சின்னப்பா (கையெழுத்து! இனி கட்டைவிரல் கிடையாது)


14 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். கொடுத்த ஜெயில் வார்டர், "உங்க அப்பா கையெழுத்து நல்லா இருக்குப்பா" என்றார். கவரை மறுபடி மறுபடி திருப்பிப் பார்த்தேன். நீங்கள் என் பெயரை எழுதி நான் பார்த்ததே இல்லை.

அம்மாவுடைய செட்டப்பை நான் வந்து செய்கிறேன் அப்பா. பெயில் மனு அடுத்த மாதம் வருகிறது. வக்கீல் நம்பிக்கையாகப் பேசுகிறார். கடன் ஆப் நடத்தியவன் ஊரைவிட்டே ஓடிவிட்டான். அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவன் நான். எல்லாவற்றிலும் என் பெயர்தான் இருக்கிறது. அதனால் உள்ளே இருக்கிறேன். வேறொன்றும் நான் செய்யவில்லை என்று போலீஸ் ஸ்டேஷனிலேயே சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

அந்தச் செட்டப்பை இன்னொரு மெஷினில் ஏற்றுவது கோப்பைக் காப்பி அடிக்கிற வேலை இல்லை. ஒவ்வொன்றும் இன்னொன்றின் தோளில் நிற்கிறது. ஒன்று கொஞ்சம் புதிதானாலும் மற்றது விழும். கடிதத்தில் எழுதி ஆகிற காரியம் இல்லை.

இன்னொன்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அம்மா அந்த வாக்கியத்தை முடித்தால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? அவள் நேராகக் கேட்டால் உங்களுக்குப் பொய் வராது. இங்கே போன் பேச விடுகிறார்கள். நான் வரிசையில் நிற்பதே இல்லை. உங்களுக்குக் கேட்காது. அம்மாவுக்குக் கேட்கும். பின்னால் பெயர் கூப்பிடுவதும் இரும்புக் கதவு சாத்துவதும் சேர்ந்து கேட்கும். அவள் காது அப்படிப்பட்டது. தயவுசெய்து அவளிடம் ஒன்றும் சொல்லாதீர்கள்.

நாகேஷ்


22 ஜூன் 2025

அன்புள்ள நாகேஷுக்கு,

உன் கடிதத்தை அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். அங்கேதான் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிறது. 'வக்கீல்' என்ற சொல்லில் கொஞ்சம் நின்றேன். மற்றதெல்லாம் ஓடியது. படித்து முடித்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாகேஷ் நல்லா இருக்கானாம், ஹைதராபாத்ல மழையாம்" என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

வகுப்பில் டீச்சர் என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்துக் காட்டுகிறார். "மனசுக்குள்ளதானே டீச்சர் படிக்கிறேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஏன் என்று தெரியவில்லை. நானும் சிரித்தேன். கீழ் வீட்டுக் கன்னடக்கார அம்மா நேற்று மாடிப்படியில் நிறுத்தி, மகனிடமிருந்து லெட்டர் வந்ததா என்று சைகையில் கேட்டாள். தபால்காரன் சொல்லியிருப்பான் போல.

நாகேஷ், நீ வந்து செய்கிறேன் என்கிறாய். உனக்குப் பெயில் வரட்டும். நாளைக்கே வரட்டும். ஆனால் வராவிட்டால்? காலையில் அவளைச் சாய்த்து உட்கார வைத்தால் அந்தக் கறுத்த திரையைத்தான் பார்க்கிறாள். அதை எடுத்துவிடலாம் என்று கை வைத்தேன். கண்ணைப் பெரிதாகத் திறந்தாள். விட்டுவிட்டேன். பூட்டிய கடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

நீ உள்ளே இருக்கிறாய். கை காலை ஆட்டுகிறாய், வார்டரோடு பேசுகிறாய், எனக்கு எழுதுகிறாய். அவளுக்கு என்ன இருக்கிறது? அவள் என்ன கேட்பாளோ என்று பயந்து அவள் வாயை மூடி வைப்பது நியாயமா? கேட்கட்டும். பதில் சொல்லத் தெரியாமல் நான் முழிக்கிறேன். அது என் பாடு.

எப்படி ஏற்றுவது என்று எழுது.

அப்பா


1 ஜூலை 2025

அப்பா,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். இதற்குப் பின்னால் இருக்கிற இரண்டு தாள் கில்பர்ட்டுக்கு. எந்தப் பதிப்பு, எதற்கு அப்புறம் எது என்று நினைவில் இருந்ததை எல்லாம் எழுதியிருக்கிறேன். இங்கே ஒரு கீ போர்டுகூட இல்லை. கண்ணை மூடி, விரலைத் தொடையில் தட்டித் தட்டி ஞாபகப்படுத்தினேன். பக்கத்துப் படுக்கைக்காரன் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டான்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அம்மாவால் கழுத்தைக் கொஞ்சம் அசைக்க முடியும். கேமரா அவள் நெற்றியில் இருக்கிற சிவப்புப் பொட்டைப் பார்க்கிறது. பொட்டு எங்கே போகிறதோ அங்கே திரையில் அம்புக்குறி போகும். எந்த எழுத்தின் மேல் கொஞ்ச நேரம் நிற்கிறதோ அந்த எழுத்து விழும். அதனால் அவளுக்குத் தினமும் பெரிய பொட்டாக வையுங்கள். ஸ்டிக்கர் வேண்டாம், பளபளக்கும்.

'தமயந்தி' என்று அம்மா பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் அவள் அடிக்கடி சொல்கிற சொற்கள் எல்லாம் இருக்கின்றன. அது இல்லாவிட்டால் புது மெஷின் அவளை அந்நியப் பொம்பளையாகத்தான் நினைக்கும். டிஸ்க் முழுதாகச் சாவதற்குள் அதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

கில்பர்ட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் புதுசாக்குவான். விடாதீர்கள். பழையதில் எது எப்படி இருந்ததோ, புதியதிலும் அது அப்படியே இருக்க வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது. ஒன்றையும் மாற்றக் கூடாது. இதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகேஷ்


13 ஜூலை 2025

அன்புள்ள நாகேஷுக்கு,

கில்பர்ட் லேப்டாப்பைக் கொண்டுவந்தான். அவன் கடையில் நன்றாக ஓடியதாம். தன் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தானாம். அந்த நேரம் பார்த்து அவன் மாமியார் சர்ச்சுக்குப் போகிற வழியில் கடைக்குள் வந்துவிட்டாளாம். "இன்னா அங்கிள், உங்க வீட்டு வேலைக்காக என் வீட்டுல சோறு நின்னுபோச்சு" என்று கத்தினான்.

மேஜையில் வைத்துத் திறந்தான். நாகேஷ், அம்மா விட்ட வாக்கியம் அப்படியே வந்து நின்றது! 'நாகேஷ் எங்க இருக்கான்னு எனக்கு.' போன உயிர் திரும்பியது போல இருந்தது. அம்மா கழுத்தை அசைத்தாள். அம்புக்குறி அசைந்தது. கில்பர்ட் கை தட்டினான். அவனுக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது, கிளம்பினான். 'கொஞ்சம் இரு' என்று அம்மாவுக்குச் சைகை காட்டிவிட்டு, கற்பூரம் ஏற்றிச் சுற்றினேன். பழைய கம்ப்யூட்டருக்கு நீயே முதல் நாள் பொட்டு வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? செவ்வாய் வெள்ளி நான் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றையும் விடக் கூடாது என்று நீ எழுதியிருந்தாய். புதியதுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தேன். அம்மா கண்ணை மூடி மூடித் திறந்தாள். கை எடுத்துக் கும்பிட முடியாததால் கண்ணால் கும்பிடுகிறாள் என்று எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அப்புறம் உட்கார்ந்தோம். அசையவில்லை. அம்மா கழுத்து அசைகிறது, அம்பு அசையவில்லை. வெகுநேரம் முயன்றாள். வேர்த்துவிட்டது. விசிறினேன்.

மறுநாள் ஆட்டோவில் வைத்து ஆஸ்டின் டவுனுக்கு எடுத்துப்போனேன். கில்பர்ட் வழக்கம்போலத் துணியால் துடைத்துவிட்டுத் திறந்தான். ஓடுகிறது! வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கில்பர்ட் துடைத்ததில் பொட்டு அழிந்துபோயிருந்தது, திரும்ப வைத்தேன். உட்கார வைத்தேன். ஓடவில்லை. மறுபடியும் எடுத்துப்போனேன். அங்கே ஓடுகிறது. "என் கடையில ஓடுது அங்கிள், உங்க வீட்ல ஓடலைன்னா நான் இன்னா பண்றது? வீட்டை எடுத்துட்டு வாங்க" என்றான். "பிளக்குல கரெண்ட் சரியில்ல" என்றான். கடைசியில், "நாகேஷ் எதையோ எழுதாம விட்டுட்டான்" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் பிள்ளை எதையும் விடமாட்டான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ எதையாவது விட்டாயா?

அந்தப் பாதி வாக்கியம் இப்போது தினமும் அம்மா முகத்துக்கு நேராக நிற்கிறது. கறுத்த திரையே தேவலை.

அப்பா


21 ஜூலை 2025

அப்பா,

பெயில் மறுத்துவிட்டார்கள். அதிகமாக எழுத ஒன்றும் இல்லை. இனி ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டும். எப்போது என்று வக்கீலுக்கே தெரியவில்லை. முன்பு போல நம்பிக்கையாகப் பேசவும் இல்லை.

நான் எதையும் விட்டதாகத் தெரியவில்லை. ஆனால் இங்கே உட்கார்ந்திருந்தால் எதுவும் நிச்சயமாகத் தெரிவதில்லை. ராத்திரி பகலாக ஒவ்வொரு அடியையும் மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது, கடைசியில் அம்மா கழுத்தை அசைக்கிறாள், அம்பு நிற்கிறது. வெளியே இருந்தால் அரை நிமிட வேலை. வந்து பார்த்தால் போதும். என்னால் வந்து பார்க்க முடியாது. இதுதான் எனக்குத் தண்டனை, மற்றதெல்லாம் இல்லை.

கில்பர்ட்டைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் கடையில் ஓடுவது உண்மையாகத்தான் இருக்கும். அங்கே இருப்பது எதுவோ வீட்டில் இல்லை. அல்லது வீட்டில் இருப்பது எதுவோ அங்கே இல்லை.

ஒன்று மட்டும் பார்த்து எழுதுங்கள். திரையின் கீழ் மூலையில் தபால்தலை அளவு ஒரு கட்டம் இருக்கும். கேமரா பார்ப்பது அதில் தெரியும். அம்மாவை உட்கார வைத்துவிட்டுப் பாருங்கள். அதில் அவள் முகம் தெரிகிறதா? முகம் இல்லாவிட்டால் வேறு என்ன தெரிகிறது?

நாகேஷ்


27 ஜூலை 2025

அன்புள்ள நாகேஷுக்கு,

மனசை விடாதே. பெயில் பற்றி என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குச் சொற்கள் இருக்கும். நான் இன்னும் அதுவரை படிக்கவில்லை.

நீ கேட்ட கட்டத்தைப் பார்த்தேன். அம்மா முகம் இல்லை. ஒன்றுமே இல்லை. இருட்டும் இல்லை. மஞ்சளாக, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பாக, விடியப்போகிற நேரத்து வானம் மாதிரி அழகாக இருக்கிறது.

இடம் சரியில்லையோ என்று ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டேன். மேஜை அதே மேஜை. நாற்காலி அதே இடம். பொட்டும் அதே போலத்தான். பழைய திரையின் மேல் சட்டத்தில் நடுவே வைப்போம் இல்லையா? இதற்கும் அதே மேல் சட்டம், அதே நடு. சரியாக அந்த இடத்தில் கடுகளவு ஒரு வட்டம் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள், பொட்டு வைக்கவென்றே. அதன் மேலேயே வைத்திருக்கிறேன்.

வேறு எதைப் பார்க்க வேண்டும், எழுது.

அப்பா


3 ஆகஸ்ட் 2025

அப்பா,

அந்தக் கடுகளவு வட்டம்தான் கேமரா.

பழைய கம்ப்யூட்டரில் கேமரா தனியாக ஸ்டாண்டில் நின்றது. லேப்டாப்பில் அது மேல் சட்டத்திலேயே இருக்கும். அதை உங்களுக்கு எழுதாமல் விட்டேன். ஒன்றையும் மாற்றக் கூடாது என்று மட்டும் எழுதினேன்.

ஈரத்துணியால் துடையுங்கள். பொட்டை முதுகுப் பக்கம் வையுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இங்கே வந்த பிறகு முதல் தடவை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், யாருக்கோ விடுதலை ஆகிவிட்டது என்று. அப்புறம் பயம் வந்தது. நீங்கள் இதைப் படித்த அன்றே அம்மா வாக்கியத்தை முடித்துவிடுவாள். என்ன எழுதினாலும் எனக்கு அப்படியே எழுதுங்கள். திட்டினாலும் எழுதுங்கள்.

நாகேஷ்


ஸ்ரீராம்புரம்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நாகேஷுக்கு,

துடைத்தேன். மூலைக் கட்டத்தில் உன் அம்மா வந்துவிட்டாள். குட்டியாக, பெரிய பொட்டோடு, கல்யாண ஆல்பத்தில் இருப்பது போல.

கில்பர்ட்டையும் வரச் சொல்லியிருந்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சாமி கண்ணைக் குத்தும்னு சொல்வாங்க. நீங்க சாமி கண்ணையே மூடிட்டீங்களே அங்கிள்!" சிரித்துவிட்டு அவனே போய் அம்மாவுக்குத் தலையணையைச் சரிசெய்தான்.

அந்தப் பாதி வாக்கியம் அங்கேயே நின்றது. அவள் அதை அழிக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். தெ. அப்புறம் ரி. தெரியல என்று வரப்போகிறது என்று நினைத்தேன். யு. ம்.

'நாகேஷ் எங்க இருக்கான்னு எனக்கு தெரியும்.'

கில்பர்ட் தலையைக் குனிந்துகொண்டான். நான் அவன்தான் சொல்லிவிட்டான் என்று சட்டையைப் பிடித்தேன். அம்பு மறுபடி நகர்ந்தது. எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று நின்றேன். நீ கேட்டபடி, அவள் எடுத்து வைத்ததை அப்படியே எழுதுகிறேன்.

'யோவ் அவன விடு. நீதான் சொன்ன.'

'நீ எழுதறப்ப ஒவ்வொரு எழுத்தா கத்திக்கிட்டே எழுதற. படிக்கறப்பவும் அப்படித்தான். கீழ் வீடு வரைக்கும் கேக்குது.'

நாகேஷ், எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. என் சத்தம் எனக்கே கேட்காதே. வாய் அசைகிறது, அது மனசுக்குள் என்று நினைத்துக்கொண்டேன். டீச்சர் ஏன் விரல் வைத்தார் என்று இப்போது புரிகிறது. உன் கடிதம் ஒவ்வொன்றையும் அவள் தலைமாட்டில் உட்கார்ந்துதான் படித்தேன். அவளிடம் சொல்லாதீர்கள் என்று நீ எழுதியதையும் அங்கேயேதான் படித்தேன்.

அடுத்த நாள் இது வந்தது: 'போலீஸ் வந்த அன்னிக்கே மாடிப்படியில பேசுனது காதுல விழுந்துச்சு. மிச்சம் நீ எழுத ஆரம்பிச்சப்புறம் கேட்டேன். ஹைதராபாத்ல மழைன்னு நீ சொல்றப்ப சிரிப்பு வரும். சிரிக்க முடியல.'

பொட்டையும் முதல் நாளே பார்த்துவிட்டாளாம். 'கண்ணால சொன்னேன். நீ கும்பிட்ட.'

இத்தனை நாளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பதில் சொல்ல வழியில்லாமல், நான் சொன்ன பொய்க்கு நடுவில் படுத்திருந்தாள். நீ இருக்கிற இடத்திலாவது பேச ஆள் இருக்கும். அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அதையும் சத்தமாகத்தான் அழுதிருப்பேன். அம்பு நகர்ந்தது. 'உப்பு சரியா போடற. அது போதும்.'

உனக்கு என்று அவள் எடுத்தது இது. நேற்று முழுவதும் இதற்கே ஆயிற்று. 'நீ ஒண்ணும் பண்ணலன்னு எனக்கு தெரியும். பயப்படாத. வரிசையில நின்னு போன் பண்ணு. அப்பாவுக்குத்தான் காது இல்ல. எனக்கு இருக்கு. கதவு சத்தமும் கேக்கட்டும்.'

கில்பர்ட் பேசுகிற பெட்டியையும் சரிசெய்துவிட்டுப் போனான். அது பேசுகிறதாம். எனக்குக் கேட்காது. உனக்குக் கேட்கும்.

போன் அடித்தால் அதன் விளக்கு எரியும், நான் எடுப்பேன். அவள் காதுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் பிடித்துக்கொள்வேன். நீ பேசு. பேசி முடித்ததும் வைத்துவிடாதே. அவள் ஒரு சொல் எடுக்க நேரம் ஆகும். உங்களுக்குக் கொடுக்கிற நிமிடத்தில் ஒரு சொல்தான் வரும், சில நாள் அதுவும் பாதியில் நிற்கும். நின்றால் நிற்கட்டும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து எடுப்பாள்.

சத்தம் ஒன்றும் இல்லாமல் இருந்தால் லைன் போய்விட்டது என்று நினைக்காதே. அவள் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

அப்பா

(இதையும் கத்திக்கொண்டேதான் எழுதினேன். உன் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். 'சரியா இருக்கு' என்றாள்.)